பக்கத்தைச் சுடாத ஒளி

1961 டிசம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா-பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனையில், ஒரு நோயாளியின் விழித்திரையில் வளர்ந்திருந்த சிறு கட்டியை ரூபி லேசரின் செவ்வொளி சுட்டு அழித்தது. சார்லஸ் கேம்ப்பெல் என்ற கண் மருத்துவரும் சார்லஸ் கோஸ்டர் என்ற ஒளியியலாளரும் அந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். உலகின் முதல் லேசரைத் தியோடர் மைமன் கலிஃபோர்னியாவில் ஒளிரச் செய்து அப்போது 19 மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்து 1965-இல், ரூபி லேசரை வைத்தே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வைரத்தில் துளை போட்டது. கம்பியை இழுத்து மெலிதாக்கும் ‘டை’ என்ற அச்சுகளுக்கான துளைகள் அவை. வைரத்தை வைரத்தூளால்தான் அரைக்க முடியும் என்பதால் மணிக்கணக்கில் இழுத்த வேலை, லேசர் வந்தபின் நிமிடங்களில் முடிந்தது.

உடலின் மிக மென்மையான திசுக்களுள் ஒன்று விழித்திரை. நமக்குத் தெரிந்த மிகக் கடினமான பொருள்களுள் ஒன்று வைரம். இரண்டிலும் ஒரே வகைக் கருவி வேலை செய்தது எப்படி?

லேசர் என்றாலே அதன் வலிமையைப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எஃகை அறுக்கும், வைரத்தைத் துளைக்கும் என்கிறோம். அழிக்கும் வலிமை நெருப்புக்கும் உண்டு, அமிலத்துக்கும் உண்டு. ஆனால் விழித்திரைக் கட்டிக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, நாம் எழுத்தைப் படிக்கப் பயன்படுத்தும் நுண்பகுதி இருக்கலாம். டையின் துளையோரத்தில் ஒரு விரிசல் விழுந்தால் முழு வைரமும் வீண். அறுவை அரங்கிலும் தொழிற்கூடத்திலும் லேசருக்கு மதிப்பு வந்தது அது விட்டுவைக்கும் இடத்தால்தான். அறுபது ஆண்டுக்கும் மேலான இந்த ஆராய்ச்சியை, பக்கத்தைச் சுடாமல் எப்படிச் சுடுவது என்ற ஒரே கேள்வியின் நெடுங்கதையாகவே நான் பார்க்கிறேன். விடையின் முதல் பகுதி ஒளியின் நிறத்தில் கிடைத்தது. அடுத்தது நேரத்தில் கிடைத்தது. அலையின் வடிவத்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஹாலோகிராம் இந்தக் கதைக்குள் நுழைவது அங்கேதான்.

ஒளி ஒரு பொருளைச் சுட வேண்டுமானால், முதலில் அந்தப் பொருள் ஒளியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காத பொருளின் வழியே ஒளி எதுவும் செய்யாமல் கடந்து போய்விடும். கண்ணில் இது நமக்கு வாய்ப்பாக அமைந்தது. முன்னால் உள்ள கருவிழிப் படலமும் லென்ஸும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே உள்ளே விடுகின்றன. பின்னால் உள்ள விழித்திரையும் அதற்கு அடியிலுள்ள நிறமிப் படலமும் அதை உறிஞ்சுகின்றன. எனவே கண்ணைத் திறந்து அறுக்காமலே உள்ளே சுட முடியும். லேசருக்கு முன்பே இதைக் கண்டுகொண்டவர் ஜெர்மனியின் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத். 1945 ஜூலையில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை சுட்டுப்போன ஒருவரைப் பரிசோதித்த அவர், இதே தீங்கை அளவாகச் செய்தால் கிழிந்த விழித்திரையை அதன் இடத்திலேயே ஒட்டவைக்கலாமே என்று நினைத்தார். சில ஆண்டுகளில், கண்ணாடிகளால் சூரிய ஒளியைத் திருப்பி நோயாளிகளின் கண்ணுக்குள் செலுத்தி அதைச் செய்தும் காட்டினார். வெயில் இல்லாத நாளில் சிகிச்சை இல்லை. சைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் செய்வித்த செனான் விளக்குக் கருவி அந்தக் குறையைத் தீர்த்தது. அதன் இடத்தைத்தான் பின்னாளில் லேசர் பிடித்தது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்று நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் தரப்படும் பச்சை லேசர் சிகிச்சை இந்தப் பரம்பரையில் வந்தது. பச்சை ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபினும் கண்ணின் நிறமியும் நன்றாக உறிஞ்சும், தண்ணீர் உறிஞ்சாது என்பதே அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

தண்ணீர் விரும்பி உறிஞ்சும் ஒளியும் உண்டு. மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர், 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது. சதையின் பெரும்பகுதி நீர்தானே. இந்த ஒளி திசுவுக்குள் சில பத்து மைக்ரோமீட்டர் போவதற்குள் முழுவதும் உறிஞ்சப்பட்டு, அங்குள்ள நீரை ஆவியாக்கிவிடுகிறது. அதோடு சிறு இரத்தக் குழாய்களின் வாயையும் சுட்டு அடைக்கிறது. கத்தி பட்டால் இரத்தம் பெருகிப் பார்வையை மறைக்கும் இடத்தில் இது பெரிய உதவி. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் கேசா ஜாக்கோவும் ஸ்டூவர்ட் ஸ்ட்ராங்கும் நுண்ணோக்கியோடு இந்த லேசரை இணைத்து, குரல் நாண்களின் மேல் வளர்ந்த சிறு கட்டிகளை அகற்றினார்கள்.

குரல்வளைக்குள் நெருப்பை விடுவது விளையாட்டல்ல. மயக்க நிலையில் இருப்பவரின் மூச்சுக்குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும். கதிர் வழிதவறி அந்தக் குழாயைத் துளைத்தால் உள்ளேயே தீப்பிடிக்கும். அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் மயக்கவியல் மருத்துவர் ஆக்சிஜனின் அளவைக் குறைத்து வைக்கிறார். குழாயைச் சுற்றி உப்புநீரில் நனைத்த பஞ்சை வைக்கிறார்கள். குழாயின் நுனியிலுள்ள பலூனில் காற்றுக்குப் பதிலாக நீலச் சாயம் கலந்த உப்புநீரை நிரப்புகிறார்கள். கதிர் அதைத் துளைத்தால் நீரே தீயைத் தடுக்கும், நீலம் கசிவதைப் பார்த்து மருத்துவரும் உடனே நிறுத்துவார். லேசர் அறுவையின் நுட்பம் லேசர் கருவிக்குள் மட்டும் இல்லை என்பதை எனக்கு உணர்த்தியது இந்த நீலச் சாயம்தான்.

தொண்டையில் எதிரியான ஆக்சிஜனே உலோகப் பட்டறையில் நண்பன். அறை வெப்பநிலையில் எஃகின் பளபளப்பான பரப்பு கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ஹவுல்ட்கிராஃப்ட், 300 வாட் கதிரோடு ஆக்சிஜன் பீய்ச்சலையும் சேர்த்து 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அறுத்தார். கதிர் இரும்பைச் சூடேற்ற, ஆக்சிஜன் அதை எரித்து வேலையைப் பகிர்ந்துகொண்டது. உருகியதை ஊதியும் தள்ளியது. இன்று சிறிய ஊர்களில்கூடக் கதவுக் கிராதிக்கும் கோயில் வாசல் வேலைப்பாட்டுக்கும் தகடு வெட்டித் தரும் லேசர் கடைகளுக்கு மூலம் அந்தச் சோதனை.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு கறுத்த ஓரம் மிஞ்சும். திசுவில் தீய்ந்த விளிம்பு, எஃகில் உருகி உறைந்த கசடு. சுடுவதால் நடக்கும் வேலையில் சூடு பக்கத்துக்குப் பரவத்தான் செய்யும். சுடாமலே அறுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர்.

ரங்கசாமி சீனிவாசன் சென்னையில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்று அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் வாங்கியவர். நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் நகரில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஒளிவேதியியல் ஆராய்ந்தார். ஒளி மூலக்கூறுகளை என்ன செய்யும் என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஆர்கான் ஃப்ளோரைடு எக்சைமர் லேசர் ஒன்று இருந்தது. அதன் ஒளி 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். அது பிளாஸ்டிக் படலத்தின் மேல் விழுந்தபோது சூட்டின் சுவடே இல்லாமல் பரப்பு செதுக்கப்பட்டதை அவர் கண்டார். பிளாஸ்டிக் நீண்ட கரிமச் சங்கிலி. நம் திசுக்களின் புரதமும் அப்படித்தான். அங்கே நடப்பது இங்கேயும் நடக்குமா என்று பார்க்க ஒரு திசு வேண்டியிருந்தது.

1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள். முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அதன் குருத்தெலும்பின் மேல் 193 நானோமீட்டர் கதிரைச் செலுத்தினார் சீனிவாசன். வெட்டு சுத்தமாக விழுந்தது. அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ஆகிய சக ஆய்வாளர்களும், 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் அதே திசுவில் பாய்ச்சி ஒப்பிட்டார்கள். பச்சை ஒளி பட்ட இடம் கருகித் திரிந்திருந்தது. புற ஊதா பட்ட இடம், நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோதும் கருகலற்று நின்றது. பிறகு ஒரு மனித முடியின் மேல் வரிசையாகச் சதுரப் பள்ளங்களைச் செதுக்கி அவர்கள் எடுத்த படம் உலகெங்கும் பரவியது.

காரணம் எண்களில் இருக்கிறது. 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. கரிமத்துக்கும் கரிமத்துக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதாவது ஒரே ஃபோட்டான் பிணைப்பை நேராக அறுத்துவிடும். மிஞ்சிய ஆற்றலை எடுத்துக்கொண்டு துண்டுகள் பரப்பிலிருந்து பறந்து போய்விடுகின்றன. சூடு உள்ளே இறங்குவதற்கு முன்பே, சூட்டைச் சுமந்த பொருள் அங்கே இல்லை. மேலும் புரதம் இந்த ஒளியை மிகக் கடுமையாக உறிஞ்சுவதால் ஒரு துடிப்பு சுமார் கால் மைக்ரோமீட்டர் ஆழத்தைத்தான் தொடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே இருநூறு, முந்நூறு துடிப்புகள் வேண்டும்.

இவ்வளவு நுட்பமான கத்தியை உடலில் எங்கே பயன்படுத்துவது? தோலை வெட்டினால் இரத்தம் கசியும். எக்சைமர் அதைச் சுட்டு அடைக்காது, கசிந்த உப்புநீரே கதிரை விழுங்கிவிடும். சூடு இல்லாததால் வந்த குறை அது. விடையோடு வந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல். கண்ணின் முன்வாசலான கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாயே கிடையாது. அவரும் சீனிவாசனும் போடில் ப்ராரனும் சேர்ந்து 1983-இல் எழுதிய கட்டுரையே இன்றைய பார்வைத் திருத்த அறுவைக்கு அடித்தளம். வைரக் கத்தியால் கருவிழியில் ஆழக் கீறிப் பார்வையைத் திருத்தும் முறை அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தது. கீறுவதற்குக் கத்திக்குப் பதிலாக ஒளி என்றுதான் சிந்தனை தொடங்கியது. ஆனால் துடிப்புக்குக் கால் மைக்ரோமீட்டர் என்ற கணக்கு கையில் இருக்கும்போது ஏன் கீற வேண்டும்? பரப்பையே வேறு வளைவுக்கு இழைத்துவிடலாம். அந்தத் திருப்பம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் கருத்து. கத்தி செய்ததை ஒளி நகலெடுக்கவில்லை. கத்தியால் ஒருநாளும் முடியாத வேலையைக் கையில் எடுத்தது.

சார்லஸ் மன்னர்லின் வகுத்த சமன்பாட்டின்படி, 6 மில்லிமீட்டர் அகலப் பகுதியில் ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்த நடுவில் சுமார் 12 மைக்ரோமீட்டர் ஆழம் இழைக்க வேண்டும். மைனஸ் 5 பவர் கண்ணாடி அணிபவருக்கு 60 மைக்ரோமீட்டர். கருவிழிப் படலத்தின் தடிமன் நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரோமீட்டர். பவர் மிக அதிகமானவர்களையும் படலம் மெலிந்தவர்களையும் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது இந்தக் கழித்தல் கணக்கைப் பார்த்துத்தான். மார்கரீட் மெக்டொனால்ட் 1988-இல் பார்வையுள்ள மனிதக் கண்ணில் இம்முறையைச் செய்தார். 1995-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இடையில் கிரேக்கத்தின் கிரீட் தீவில் இயோனிஸ் பாலிகாரிஸ், மேல்படலத்தை மெல்லிய மூடிபோலத் திறந்து, அடியில் இழைத்து, மூடிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுவே லேசிக்.

இனி நேரத்துக்கு வருகிறேன். எரியும் அகல் சுடரின் ஊடே விரலை விருட்டென்று ஓட்டினால் சுடுவதில்லை. சூடு தோலுக்குள் இறங்க நேரம் கிடைப்பதில்லை. லேசர் துடிப்பிலும் அதுதான் கணக்கு. நீர் நிறைந்த திசுவில் வெப்பம் ஒரு நொடியில் சுமார் முக்கால் மில்லிமீட்டர் பரவும். துடிப்பு ஆயிரத்தில் ஒரு நொடியாகச் சுருங்கினால் 24 மைக்ரோமீட்டர். எக்சைமர் துடிப்பைப்போல 10 நானோ நொடியாகச் சுருங்கினால் 0.075 மைக்ரோமீட்டர்தான். சதைக்கு இது தாராளமாகப் போதும். செம்பில் வெப்பம் பல மடங்கு வேகமாக ஓடும். அதே 10 நானோ நொடியில் 2 மைக்ரோமீட்டர் பரவிவிடும். அதனால்தான் உலோகத்தில் நானோ நொடி லேசர் போடும் துளையின் ஓரத்தில் உருகிய வரப்பு ஒன்று நிற்கிறது. உலோகத்தை ஏமாற்ற இன்னும் குறுகிய துடிப்பு வேண்டும்.

எவ்வளவு குறுகியது? உலோகத்தில் ஒளியை முதலில் வாங்குபவை எலக்ட்ரான்கள். அவை அந்த ஆற்றலை அணுக்களுக்குக் கைமாற்றச் சில பிக்கோ நொடிகள் ஆகும். துடிப்பு அதற்குள் முடிந்துவிட்டால், பொருளுக்குச் சூடு என்று ஒன்று தெரியும் முன்பே ஆற்றல் முழுதும் வந்து இறங்கியிருக்கும். 100 ஃபெம்டோ நொடி என்பது அப்படிப்பட்ட அளவு. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அந்த நேரத்தில் 30 மைக்ரோமீட்டர் தூரம்தான் நகர்கிறது. இவ்வளவு சுருக்கிய துடிப்பை வலிமையாக்கப் போனால் பெருக்கியே உடைந்துவிடும் என்ற முட்டுக்கட்டை பல காலம் இருந்தது. 1985-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார் மூரூவும் அதைத் தாண்டினார்கள். துடிப்பை முதலில் நீட்டி நலிவாக்கி, பிறகு பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கினார்கள். 2018-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த யோசனை அது.

மூரூ பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1990களின் தொடக்கத்தில் அங்கே அவருடைய ஆய்வகத்தில், பாதுகாப்புக் கண்ணாடி அணியாத மாணவர் ஒருவரின் கண்ணில் ஃபெம்டோ நொடிக் கதிர் பட்டுவிட்டது. பரிசோதித்த இளம் கண் மருத்துவர் ரான் கர்ட்ஸ் விழித்திரையில் கண்ட புண், வழக்கமான லேசர்க் காயம் போலச் சிதைந்து பரவாமல் ஊசிமுனை அளவில் ஒழுங்காக இருந்தது. அந்த வியப்பு அவரை அந்த ஆய்வகத்துக்கே அழைத்துப் போனது. இயற்பியலாளர் டிபோர் யுஹாசுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தின் கருவி, லேசிக்கின் மேல்மூடியைப் பிளேடு இல்லாமல் ஒளியாலேயே பிரித்தது. இங்கே நிறத்துக்கு வேலையில்லை. கருவிழிப் படலம் அந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதே இல்லை. குவிந்த புள்ளியில் மட்டும் ஒளி அத்தனை செறிவாக இருப்பதால் அங்கே பொருள் பிளாஸ்மாவாகிச் சிறு குமிழி உண்டாகிறது. அருகருகே ஆயிரக்கணக்கான குமிழிகளை வைத்தால் படலம் தாள்போலப் பிரிகிறது. மேற்பரப்பைத் தொடாமல் உள்ளே வெட்ட முடிகிறது.

தொழிற்கூடத்தில் இதே துடிப்பு இதயத்துக்கான ஸ்டென்டை வெட்டுகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள உலோகக் குழாயில், 80 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லிய கம்பிகள் மிஞ்சும்படி வலைப்பின்னலைச் செதுக்க வேண்டும். சூடேற்றி வெட்டும் லேசரில் உள்ளோரத்தில் கசடு ஒட்டும். அதை அமிலத்தில் கரைத்து, மின்முறையில் மெருகேற்ற வேண்டும். இரத்தக் குழாய்க்குள் ஒரு பிசிறு இருந்தாலும் இரத்தம் அங்கே உறையும். உடலில் மெல்லக் கரைந்துபோகும் பாலிமர் ஸ்டென்ட்டுகள் சூடு பட்டாலே இளகிக் கோணிவிடும். அவற்றுக்கு ஃபெம்டோ நொடித் துடிப்பு ஏறத்தாழக் கட்டாயம். அறுவை சிகிச்சையும் பொருள் செதுக்கலும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்குச் சூரத் நகரம் நல்ல சாட்சி. அங்கே வைரம் அறுக்கும் லேசர் எந்திரங்கள் செய்துகொண்டிருந்த சகஜானந்த் குழுமத்திலிருந்துதான் ஸ்டென்ட் தயாரிக்கும் நிறுவனமும் கிளைத்தது.

நிறமும் நேரமும் கைவந்தபின் மிஞ்சியது, ஒளியை வேண்டிய இடத்தில் வேண்டிய வடிவில் சேர்ப்பது. புகைப்படச் சுருள் ஒளியின் பிரகாசத்தை மட்டும் பதிகிறது. அலையின் முகடு எப்போது வந்து சேர்ந்தது என்ற செய்தி, அதாவது கட்டம், தொலைந்துபோகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் மங்கலைத் தீர்க்க வழி தேடிய டென்னிஸ் காபர், 1948-இல் அந்தச் செய்தியைப் பிடிக்க வழி சொன்னார். பொருளிலிருந்து வரும் அலையோடு, அதே மூலத்திலிருந்து பிரித்த மற்றோர் அலையைக் கலக்கவிட்டால், இரண்டும் கூடியும் கழிந்தும் நுண்வரிகளை உண்டாக்கும். அந்த வரிகளைப் பதிந்துகொண்டு, பின்னர் ஒளியூட்டினால் முதலில் வந்த அதே அலை மறுபடி புறப்படும். அதுதான் ஹாலோகிராம். காபரிடம் இருந்தது பாதரச விளக்கு. ஒழுங்கான அலைக்கு அது போதவில்லை. லேசர் வந்தபின் 1960களின் முற்பாதியில் மிச்சிகனின் எம்மெட் லீத்தும் யூரிஸ் உபாட்னீக்ஸும் அதற்கு உயிர் கொடுத்தார்கள்.

அலையைப் பதிவு செய்ய முடியும் என்றால் கணக்கிடவும் முடியுமே. உலகில் இல்லாத ஒரு பொருளிலிருந்து வரக்கூடிய அலையைக் கணினியால் கணக்கிட்டு ஹாலோகிராமாக வரையலாம் என்று 1966-இல் பிரவுனும் லோமனும் காட்டினார்கள். அந்தக் கணக்குக்கு இன்றும் பயன்படும் வழிமுறையை 1972-இல் கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் வகுத்தார்கள். அவர்கள் தீர்க்க முயன்றதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் சிக்கலைத்தான். ஒளிக்கு வந்த இந்த இரண்டு பெரும் பரிசுகளும் எலக்ட்ரான் ஆய்விலிருந்து வந்தவை.

இன்றைய லேசர் மேசையில் ஹாலோகிராம் என்பது படச்சுருள் அல்ல. சிலிக்கன் தகட்டின் மேல் திரவப் படிகம் பூசிய, 15 மில்லிமீட்டர் அகலச் சில்லு. அதில் இருபது லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியை வெவ்வேறு அளவு தாமதப்படுத்தி அனுப்பும். தாமதங்களைச் சரியாகக் கோத்தால், ஒரே கதிர் நூறு புள்ளிகளாகப் பிரிந்து குவியும். புதிய படத்தைக் கணினி அனுப்பினால் புள்ளிகள் இடம் மாறும். ஜப்பானின் டோகுஷிமா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹயாசாகியின் குழு 2005-இல் ஃபெம்டோ நொடிக் கதிரை இப்படிப் பிரித்துக் கண்ணாடியில் ஒரே நேரத்தில் பல புள்ளிகளைச் செதுக்கியது. இதன் பயன் வேகம் மட்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஃபெம்டோ நொடி லேசர் ஒரு புள்ளிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஆற்றலைத் தரும். முழுவதையும் ஓரிடத்தில் கொட்டினால் துளை சிதையும். ஓரிடத்திலேயே துடிப்புகளை வேகமாக அடுக்கினால், ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் சிறு சூடு சேர்ந்து சேர்ந்து, குறுந்துடிப்பால் கிடைத்த நன்மையையே கெடுத்துவிடும். பிரித்துப் பரப்பும்போது இரண்டு தொல்லையும் விலகுகின்றன.

இன்னோர் உதவியையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4. வெளியிலிருந்து வரும் கதிர் அதற்குள் நுழைந்ததும் ஓரக்கதிர்கள் ஓரிடத்திலும் நடுக்கதிர்கள் வேறிடத்திலுமாகக் குவியம் இழுபடும். ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் பூத்தின் குழு, இந்தக் கோணலைக் கணக்கிட்டு அதற்கு நேர் எதிரான கோணலைச் சில்லில் முன்கூட்டியே ஏற்றி அனுப்பியது. வைரத்தின் மேற்பரப்பில் கோடு விழாமல் உள்ளே ஒரு மைக்ரோமீட்டர் அளவில் குறி இட முடிந்தது. அந்த ஆய்விலிருந்து கிளைத்த நிறுவனம் இப்போது வைரங்களுக்குள், நகைக்கடைக்காரரின் உருப்பெருக்கியிலும் தெரியாத அடையாள எண்களை எழுதித் தருகிறது.

ஹாலோகிராம் செதுக்குவது மட்டுமல்ல, அளக்கவும் செய்கிறது. 1965-இல் ராபர்ட் பவலும் கார்ல் ஸ்டெட்சனும் கண்ட முறையில், ஒரு பொருளின் இரண்டு நிலைகளை ஒரே ஹாலோகிராமில் பதிந்தால் அது நகர்ந்த அளவு வரிகளாகத் தெரியும். சிவப்பு ஹீலியம்-நியான் லேசரில் வரிக்கு வரி ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர். விமானச் சக்கரத்தின் டயரில் மறைந்துள்ள பிளவையும் விசையாழித் தகட்டின் அதிர்வையும் இப்படிக் காணலாம். பாஸ்டனில் ஜான் ரோசோவ்ஸ்கியும் காஸ்மே ஃபர்லாங்கும் சக ஆய்வாளர்களும் இதே வழியில் மனிதச் செவிப்பறை ஒலிக்கு அதிர்வதை நானோமீட்டர் அளவில் படமாக்கினார்கள்.

அறுவை அரங்கில் மருத்துவர் தலையில் அணியும் காட்சிக் கண்ணாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளியின் ஸ்கேன் படத்தை உடலின் மேலேயே முப்பரிமாணத்தில் மிதக்கவிடும் ஹாலோலென்ஸ் போன்றவை 2016 முதல் பல மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. திட்டமிடவும் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் அவை நல்ல துணை. ஆனால் அவை தருவது இரு கண்களுக்கு இரண்டு தட்டைப் படங்கள். ஹாலோலென்ஸில் படத்தின் குவியம் சுமார் 2 மீட்டர் தூரத்தில் நிலைத்து நிற்கிறது. அறுவை செய்யும் கையோ அரை மீட்டரில் இருக்கிறது. கண்ணால் இரண்டையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. இத்தாலியின் பிசா நகர ஆய்வாளர்கள் இந்தக் கண்ணாடியை அணிந்தவர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் புள்ளிகளை இணைக்கச் சொன்னபோது, வெறுங்கண்ணால் செய்ததைவிடப் பிழை கூடியது. இந்நிலையில் கத்தியின் பாதையை இதை மட்டும் நம்பி முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். குறுக்கீட்டால் உண்மையான அலையையே உண்டாக்கும் கருவிகளில் இந்த முரண் இல்லை; படம் எங்கே தெரிகிறதோ அங்கேயே குவியமும் இருக்கும். இஸ்ரேலின் ரியல்வியூ நிறுவனம் அந்த வழியில் இதயப் படங்களைக் காட்டும் கருவி செய்து, 2013-இல் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சோதித்தது.

எனக்கு இதைவிடப் பெரிய எதிர்பார்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. லேசர் அறுவை இத்தனை காலமும் கண்ணிலும் மேற்பரப்புகளிலும் ஒளியிழை எட்டும் குழாய்களிலும் தங்கியிருப்பதற்குக் காரணம், சதை ஒளியைச் சிதறடிப்பது. ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் குவியம் என்று எதுவும் மிஞ்சாது. ஆனால் சிதறுவது தற்செயலான ஆட்டம் அல்ல. போன பாதையிலேயே அலையைத் திருப்பி அனுப்பினால் அது சிதறலை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். 2007-இல் நெதர்லாந்தின் வெல்லெகூப்பும் மோஸ்க்கும் ஒளிபுகா வெள்ளைப் பூச்சின் வழியே, அலையைச் சில்லால் செப்பனிட்டு ஒரு புள்ளியில் குவித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டில் சாங்ஹுவெய் யாங்கும் கூட்டாளிகளும் கோழி நெஞ்சுக் கறித் துண்டு சிதறடித்த ஒளியை ஹாலோகிராமாகப் பதிந்து, திருப்பி ஓட்டி, பழைய உருவத்தை மீட்டார்கள். துண்டின் தடிமன் 0.46 மில்லிமீட்டர். 2011-இல் லிஹாங் வாங்கின் குழு, உள்ளே குவிய வேண்டிய இடத்தை மீயொலியால் குறித்துக் காட்டியது. மீயொலி தொட்ட ஒளி மட்டும் நிறத்தில் இம்மியளவு மாறும், அதைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்பலாம்.

கறித் துண்டு அசையாது; உயிருள்ள சதையில் இரத்தம் ஓடுகிறது. சிதறல் வரிகள் சில மில்லி நொடிகளில் மாறிவிடும். திரவப் படிகச் சில்லு ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு மாறவே 16 மில்லி நொடி எடுக்கிறது. நொடிக்கு இருபதாயிரம் முறை புரளும் நுண்கண்ணாடிச் சில்லுகள் இருக்கின்றன. அவை ஒளியை அனுமதிக்கும் அல்லது மறுக்கும், தாமதப்படுத்தத் தெரியாததால் பெரும்பகுதி ஒளி வீணாகிறது. குவிந்த புள்ளிக்கு இப்போது வந்து சேரும் ஆற்றல் பார்க்கப் போதும், வெட்டப் போதாது. வேகமான சில்லுகளும், ஒரே துடிப்பில் ஹாலோகிராமைப் பதியும் படிகங்களும் பல ஆய்வகங்களில் சோதனையில் உள்ளன.